பச்சை விளக்கு எரிந்தது, பேட்டரி வெந்தது: கார் சார்ஜர் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

கார் இருந்தும் ஓட்டாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். தினமும் ஓட்டுகிறவர்களுக்கு, இன்ஜின் ஓடும்போது பேட்டரியை ஏற்றும் ஆல்டர்னேட்டரே பார்த்துக்கொள்ளும்.

நான் மெட்ரோ ரயிலுக்கு மாறி இரண்டு வருடம் ஆகிறது. வண்டி அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் கிடக்கும், மாதம் ஒருமுறை வெளியே வந்தால் பெரிது. சின்ன பெட்ரோல் கார், 35 ஏ.ஹெச் (ஆம்பியர்-மணி, அதாவது கொள்ளளவு) பேட்டரி. நிறுத்திவைத்த காரும் சும்மா இருப்பதில்லை. அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர் என்று 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு முக்கால் ஏ.ஹெச் என்று வைத்தால் மூன்று வாரத்தில் பாதி காலி. மூன்றாவது முறை செல்ஃப் எடுக்காமல் டிக் டிக் என்றதும், ஒரு சார்ஜர் வாங்கி மாட்டிவிடலாம் என்று மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கடைக்குப் போனேன். கடைப் பெயரைக் கேட்காதீர்கள், சொல்வதாக இல்லை.

எனக்குத் தேவை என்ன என்று தெளிவாகத்தான் சொன்னேன். வாரக்கணக்கில் மாட்டியபடியே விட வேண்டும், நிரம்பியதும் தானாகக் குறைய வேண்டும். கடைக்காரர் ஒரு நீல நிற இரும்புப் பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார். "வெயிட்டைப் பாருங்க சார், உள்ள பூரா காப்பர். ஃபுல் ஆட்டோமேட்டிக். பச்சை எரிஞ்சா கட்-ஆஃப் ஆயிடுச்சுன்னு அர்த்தம், நீங்க மறந்துடலாம்." முன்பக்கத்தில் 'நார்மல் / ஃப்ளோட்' என்று ஒரு சுவிட்ச் வேறு. ஃப்ளோட் என்றால், நிரம்பிய பேட்டரியைக் குறைந்த வோல்டேஜில் அப்படியே தாங்கி வைத்திருப்பது. 1,850 ரூபாய். பில் கேட்டதற்கு எஸ்டிமேட் என்று ஒரு வெள்ளைச் சீட்டு. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வீட்டில் மாட்டிப் பார்த்தேன். சிவப்பு எரிந்தது, ஐந்தாறு மணி நேரத்தில் பச்சை வந்தது. மறுநாள் வண்டி ஒரே அடியில் ஸ்டார்ட். ஆகா என்று நம்பிவிட்டேன். பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பியபோது சுவிட்சை ஃப்ளோட்டில் வைத்து, பெட்டியை மாட்டிவிட்டுப் போனேன்.

நான்காம் நாள் வாட்ச்மேன் அண்ணன் போன் செய்தார். "சார், உங்க வண்டி பக்கத்துல போனா அழுகின முட்டை நாத்தம் அடிக்குது. பாம்பு, கீம்பு ஏதாவது செத்துக் கிடக்கா?" சார்ஜர் நினைவு வந்ததும் வயிற்றைக் கலக்கியது. கிளிப்பில் கை வைக்காதீர்கள், முதலில் சுவரில் இருக்கும் சுவிட்சை மட்டும் அணையுங்கள் என்றேன். அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அளவுக்கு மீறி சார்ஜ் ஏறிய பேட்டரி விடுவது. கூடவே ஹைட்ரஜனும் வரும், அதற்கு மணமே கிடையாது. மின்சாரம் ஓடும்போது கிளிப்பைப் பிடுங்கினால் பொறி பறக்கும். மூடிய பேஸ்மென்ட்டில் அது எங்கே போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஊரிலிருந்து வந்து பானெட்டைத் திறந்தால், பேட்டரியின் இரண்டு பக்கமும் உப்பி, சப்பாத்தி மாதிரி எழும்பியிருந்தது. டெர்மினலைச் சுற்றி வெள்ளைப் பொடி. அடியில் இருக்கும் தட்டில் ஆசிட் பட்டுப் பெயின்ட் உரிந்திருந்தது. வாங்கிப் பதினான்கு மாதம்தான் ஆன பேட்டரி. வாரண்டி இருக்கிறதே என்று எடுத்துப் போனேன். டீலர் உப்பலைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது ஓவர்சார்ஜ் சார், கம்பெனி ஒத்துக்காது" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது.

எங்கள் தெரு முனையில் இருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் அந்தப் பெட்டியைக் கொடுத்தேன். பட்டறையில் இருந்த, முழு சார்ஜில் இருந்த ஒரு நல்ல பேட்டரியில் மாட்டி மல்டிமீட்டரை வைத்தார். 13.8 வோல்ட் வந்ததும் பச்சை எரிந்தது. மீட்டர் நிற்கவில்லை. 14.4, 14.9, 15.3. அரை மணி நேரத்தில் 15.8. பச்சை மட்டும் சமர்த்தாக எரிந்துகொண்டே இருந்தது. ஒழுங்கான மெயின்டெய்னர் (மாட்டியபடியே விடக்கூடிய சார்ஜர்) என்றால் 14.4 வரை ஏற்றிவிட்டு, நிரம்பியதும் 13.5 பக்கம் இறங்கி அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினார். உள்ளே ஒரு டிரான்ஸ்ஃபார்மர், நான்கு டயோடு, விளக்குக்கு ஒரு கட்டைவிரல் அகல போர்டு. அவ்வளவுதான். அந்த போர்டு வோல்டேஜ் ஏறியதும் விளக்கின் நிறத்தை மாற்றும், சார்ஜை நிறுத்த அதில் ஒன்றும் இல்லை. அதைவிடக் கொடுமை அந்த ஃப்ளோட் சுவிட்ச். பின்பக்கத்தில் மூன்று கால், ஒன்றில்கூட ஒயர் இல்லை! பொம்மைக்கு வைத்த கண் மாதிரி சும்மா வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட பெட்டியில் கரண்ட்டைக் கட்டுப்படுத்த எதுவும் கிடையாது என்பதால், லைனில் வோல்டேஜ் கூடினால் பேட்டரிக்கும் கூடத்தான் போகும். எங்கள் பக்கம் ராத்திரியில் 245 வோல்ட்டைத் தாண்டும்.

அண்ணன் இதைப் பழிக்கவில்லை. பட்டறைக்கு இது போதும், நான் பக்கத்திலேயே நின்று எட்டு மணி நேரத்தில் கழற்றிவிடுவேன், இதை ஆட்டோமேட்டிக் என்று விற்றதுதான் தப்பு என்றார். சரிதான்.

கடைக்குப் போனேன். "நாலு நாள் மாட்டி விட்டா எப்படி சார்?" என்று என்னையே கேட்டார். அப்புறம் எதற்கு ஃப்ளோட் சுவிட்ச் என்றேன். "கம்பெனி அப்படித்தான் குடுக்கறான்." எஸ்டிமேட் சீட்டுக்கு ரிட்டர்ன் கிடையாதாம். செல்பேசியில் பணம் அனுப்பிய ரசீதைக் காட்டி, 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போடுகிறேன் என்றதும் குரல் இறங்கியது. 1,850-ஐத் திருப்பிக் கொடுத்தார். செத்துப்போன பேட்டரிக்கு ஒரு பைசா வரவில்லை. புதியதற்குப் பழையதைக் கொடுத்ததுபோக 4,200 ஆனது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கலாம், ஐந்து லட்சம் வரை கட்டணம்கூட இல்லை. ஆனால் கையில் ஜிஎஸ்டி பில் இல்லாமல் அலைய எனக்குத் தெம்பு இல்லை. நீங்களாவது பில் வாங்குங்கள்.

இப்போது வைத்திருப்பது சின்னது, 1 ஆம்பியர், அந்தப் பெட்டி எடையில் கால்வாசிகூட இருக்காது. வாங்கும்போது நான் பார்த்தது ஒன்றுதான்: ஃப்ளோட் வோல்டேஜ் எவ்வளவு என்று எண்ணாக அச்சிட்டிருக்கிறதா? 'ஸ்மார்ட்' என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். முழுக்க இறங்கின பேட்டரியை ஏற்ற 1 ஆம்பியர் போதாது, நாள் கணக்கில் இழுக்கும். அதற்கு 35 ஏ.ஹெச்சுக்கு மூன்றரை ஆம்பியர் அளவில் வேண்டும். சிக்னலில் இன்ஜின் தானாக அணைந்து மறுபடி ஸ்டார்ட் ஆகும் ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டி என்றால் பேட்டரி ஏ.ஜி.எம்-ஆ (ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாயில் ஊறவைத்த வகை) என்று மேல் ஸ்டிக்கரைப் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கான மோடு சார்ஜரில் இருக்க வேண்டும். 'ரிப்பேர்' என்ற பட்டன் இருந்தால் பேட்டரி வண்டியில் இருக்கும்போது அதைத் தொடாதீர்கள். சிலவற்றில் அது 16 வோல்ட் வரை தூக்கும்.

வாங்கி வந்த முதல் நாளே, பச்சை எரிந்து இரண்டு மணி நேரம் கழித்து டெர்மினலில் மீட்டர் வைத்துப் பாருங்கள். முந்நூறு ரூபாய் மீட்டர் போதும். 14.5-க்கு மேலேயே நின்றால் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். என்னுடையது 13.6 காட்டுகிறது.

வாட்ச்மேன் அண்ணன் மீட்டரையெல்லாம் நம்புவதில்லை. காலை ரவுண்டில் என் கார் பக்கம் வந்ததும் நின்று, ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுத்தான் நகர்கிறார்.