எவர்சில்வர் பிளேட்டா அலுமினியம் பிளேட்டா, ரெண்டையும் முதுகுல கட்டிப் பாத்தாச்சு

திருவனந்தபுரம் கோவளத்துக்கு டைவ் பண்ணப் போற நம்ம களியக்காவிளை, மார்த்தாண்டம், கொளச்சல் பக்கத்து ஆளுக பாக்கும்போதெல்லாம் கேக்குற கேள்வி, பேக்பிளேட், அதாவது சிலிண்டரை முதுகோட சேத்துக் கட்டுற தகடு, வாங்குனா ஸ்டீலா அலுமினியமான்னு. எங்கிட்ட ரெண்டும் கெடக்கு, ரெண்டுக்கும் கைக்காசு போயிருக்கு, அதனால பட்டதைச் சொல்றேன்.

ரெண்டும் 3 மில்லி கனம், ஒரே சைஸ். மீன் தராசுல வச்சேன், ஸ்டீல் 2.7 கிலோ, அலுமினியம் 900 கிராம். தண்ணிக்குள்ள போனா ஸ்டீல் 2.3 கிலோ அளவுக்குக் கீழ இழுக்கும், அலுமினியம் அரைக் கிலோ சொச்சம்தான். அந்த வித்தியாசம் ஒண்ணே முக்கால் கிலோ, ஸ்டீல் வாங்குனா, முங்குறதுக்காக இடுப்பு பெல்ட்டுல கட்டுற ஈயம் அவ்வளவு குறையும், விஷயமே அதான்.

நம்ம பக்கம் வாடகைக்குக் குடுக்குறது பெரும்பாலும் 11 லிட்டர் அலுமினியம் சிலிண்டர். காத்துக்கும் எடை உண்டுல்லா, 200 பார் அடைச்சா உள்ள இருக்குற காத்தே 2.5 கிலோவுக்கு மேல வரும். அதை இழுத்து முடிக்க முடிக்க சிலிண்டர் லேசாயி மேல தூக்க ஆரம்பிக்கும், மேல வர்றதுக்கு முன்னால 5 மீட்டர்ல கொஞ்ச நேரம் சேஃப்டி ஸ்டாப் நிக்கும்போது பாத்தா ஆள் பலூன் மாதிரி மேல போவான். அதைச் சமாளிக்கத்தான் பெல்ட்டுல ஈயம், ஆனா ஈயம் இடுப்புல கெடந்தா காலு தொங்கிப் போவுது, துடுப்பு மணலைக் கலக்குது, பின்னால வர்றவன் ஒண்ணும் பாக்க முடியாது, ஏற்கனவே நம்ம கடல்ல கலங்கல் கொஞ்சமா நஞ்சமா. ஸ்டீல் பிளேட் அதே எடையை முதுகோட, நெஞ்சுக்கு நேரே வைக்குது, படுத்த வாக்குல சும்மா கெடக்கலாம். 3 மில்லி கனத்துல வெட்சூட் (ரப்பர் உடுப்பு) போட்டா எனக்கு இப்ப ஸ்டீலோட 2 கிலோ ஈயம் போதும், அலுமினியம் பிளேட்னா 4 வேணும்.

இந்தக் கணக்கு தெரியாம நான் பண்ண கூத்து ஒண்ணு. ஸ்டீல் பிளேட் கையில வந்த சந்தோஷத்துல பழைய 5 கிலோ பெல்ட்டையும் அப்படியே கட்டிட்டு வள்ளத்துல இருந்து சாடுனேன், அம்மிக்கல்லு மாதிரி போறேன், செவி குத்துது, விங்குல, அதான் மிதக்குறதுக்கு முதுகுல இருக்குற காத்துப் பையில, காத்து அடிக்கவும் கை ஓடல. எட்டு மீட்டர்ல கூட முங்குன சேட்டன் என் தோள்பட்டை டீ-ரிங் வளையத்தைப் புடிச்சு நிறுத்துனாரு. மேல வந்து ஒரு வார்த்தை திட்டல, என் பெல்ட்டுல இருந்து மூணு கட்டையை உருவி அவரு பைல போட்டாரு, அவ்வளவுதான். திட்டிருந்தாக்கூட நல்லாருந்திருக்கும்.

ஸ்டீலை எல்லாருக்கும் சொல்லவும் மாட்டேன். பெல்ட்டுல உள்ள ஈயத்தை ஆபத்துன்னா கழட்டி விடலாம், முதுகுல உள்ள பிளேட்டைக் கழட்ட முடியுமா? சிலிண்டரும் ஸ்டீல், பிளேட்டும் ஸ்டீல், உடம்புல வெறும் ராஷ்கார்டு, அந்த மெல்லிசு பனியன், இப்படி எறங்குனீங்கன்னா விங் கிழிஞ்ச அன்னைக்கு நீந்தி மேல வர்றது பெரும்பாடு. அந்த மாதிரி ஆளுக்கு அலுமினியம்தான்.

துருவைப் பத்தியும் சொல்லணும். ஆன்லைன்ல 316 ரக ஸ்டீல்னு போட்டு வித்தாங்க, ஒரு சீசன் முடியல, தோள்பட்டை வார் கோக்குற ஓட்டைப் பக்கம் பழுப்புப் புள்ளி. 316ல மாலிப்டினம் சேர்ப்பாங்க, உப்புத்தண்ணியைத் தாங்கும், 304ல அது கிடையாது, எனக்கு வந்தது 304ன்னுதான் என் சந்தேகம். காந்தம் வச்சுப் பாருன்னு சிலபேரு சொல்லுவாங்க, காந்தம் ரெண்டுலயும் சரியா ஒட்டாது, அத வச்சு ஒரு மண்ணும் கண்டுபிடிக்க முடியாது. புளி போட்டுத் தேச்சேன், போயிடுச்சு. அதைவிட எரிச்சல் அந்த ஓட்டையோட விளிம்பு, பிளேடு மாதிரி இருந்து அந்த வாரோட நூலு பிரிய ஆரம்பிச்சிடுச்சு, மார்த்தாண்டத்துல ஒரு லேத்துல குடுத்து அரம் போட்டு மழுக்கி வாங்குனேன்.

அலுமினியத்துக்கு வேற சீக்கு. போல்ட் எல்லாம் ஸ்டீல், நடுவுல உப்புத்தண்ணி, ரெண்டு உலோகமும் சேர்ந்து பேட்டரி மாதிரி வேலை செஞ்சு அலுமினியத்தைத் தின்னுடும், போல்ட்டைக் கழட்டுனா அடியில வெள்ளையா பொடி. டைவ் முடிஞ்சா நல்லதண்ணியில கழுவி, பிளாஸ்டிக் வாஷர் போட்டு வச்சா ரொம்ப நாள் வரும்.

நான் ஸ்டீலைக் கோவளத்துக்குத்தான் எடுக்குறது, ஆனி ஆடி முடிஞ்சு கடல் தெளிஞ்சா பூவார் வழியா பைக்குல போறதுக்கு எடை ஒரு பிரச்சனையே இல்ல. அந்தமான் போகும்போது அலுமினியம், பிளைட்ல 15 கிலோ லக்கேஜ்ல ரெண்டு கிலோ மிச்சம்னா சும்மாவா, ஈயம் அங்க கடையிலயே தருவாங்க. முதமுதலா ஒண்ணுதான் வாங்கப் போறீங்கன்னா இப்ப பெல்ட்டுல எத்தனை கிலோ கட்டுறீங்கன்னு பாருங்க, மூணுக்கு மேலன்னா ஸ்டீல் எடுங்க.

எதுவானாலும் நடுவுல உள்ள ரெண்டு போல்ட் ஓட்டைக்கு இடையில 11 இஞ்ச் இருக்கான்னு டேப் வச்சு அளந்துட்டு காசு குடுங்க. புளோரிடாவுல குகைக்குள்ள முங்குறவங்க ரெட்டை சிலிண்டருக்கு வச்ச அளவு அது, விங்கும் அதுக்குத் தோதாத்தான் வருது, கால் இஞ்ச் தப்புனாலும் திரும்ப லேத்துக்குத்தான் போகணும்.