படுத்தபடி எடுத்த எக்ஸ்ரேயும் சுருட்டிய துண்டும்

இம்முறை ஊருக்குப் போனதில் விமானம், ரயில், வாடகைக் கார் எல்லாம் ஒழுங்காகவே அமைந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத வைத்தது அம்மாவின் வலது முழங்கால்.

அம்பாசமுத்திரத்தில் இருக்கும் அம்மாவுக்கு 72 வயது. தாமிரபரணிப் படித்துறையிலிருந்து பிழிந்த துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரே மூச்சில் ஏறி வந்தவர், இப்போது இரண்டு வாசற்படி இறங்கவே சுவரைத் தேடுகிறார். மூட்டுத் தேய்மானம் என்று தெருவே தீர்ப்புச் சொல்லிவிட்டது. திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். 7 மணிக்கு டோக்கன் போட்டு 11 மணிக்கு உள்ளே போன கதை உங்களுக்கே தெரியும். என்னால் இன்றுவரை மறக்க முடியாதது எக்ஸ்ரே அறைதான்.

அம்மாவை மேசையில் படுக்க வைத்துப் படம் எடுத்தார்கள். மூட்டில் தேய்வது எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு; அது எக்ஸ்ரேயில் தெரியாது. தொடை எலும்புக்கும் கால் எலும்புக்கும் நடுவே உள்ள இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் தேய்மானத்தைக் கணிக்க வேண்டும். உடல் பாரம் இறங்கினால்தான் அந்த இடைவெளியின் உண்மை நிலை தெரியும் என்பதால், நிற்க வைத்து எடுப்பதே முறை. லண்டனில் எனக்கு அப்படித்தான் எடுத்தார்கள். இதைப் பணிவாகவே சொன்னேன். "அதெல்லாம் டாக்டர் பாத்துக்கிடுவார் சார், அடுத்த டோக்கன் வாங்க" என்று கதவு திறக்கப்பட்டது. மருத்துவர் படத்தை இரண்டு விநாடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்துக்கொள்ளச் சொன்னார். அம்மா நடப்பதை அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டுக்கு விலை உச்சவரம்பு விதித்தபோது, பரவலாகப் பொருத்தப்படும் கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு 54,720 ரூபாய், வரி தனி என்று நிர்ணயித்தது. எங்களிடம் நீட்டிய 'பேக்கேஜ்' தாளிலோ மூட்டின் விலையே தனியாக இல்லை.

லண்டனில் எரிச்சல் வேறு விதம். அங்கே மருத்துவரைப் பார்க்கவே வாரக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் "உடற்பயிற்சி செய்யுங்கள்" என்ற பதிலோடு திரும்பி வந்து நான் திட்டாத நாளில்லை.

பக்கத்து வீட்டு அத்தை சொன்னபடி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுத்தோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபியும் உண்டு என்பது எனக்குத் தெரியாது. அடுத்த வாரமே ஓர் இளம்பெண் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். எக்ஸ்ரே உறையைப் பிரிக்காமலேயே, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று பார்த்தார்: நான்கு. பிறகு ஒரு துண்டைக் கேட்டு வாங்கிச் சுருட்டி, நீட்டிய காலில் முழங்காலுக்கு அடியில் வைத்தார். "துண்டை நசுக்குற மாதிரி அமுக்குங்க ஆச்சி, அஞ்சு எண்ணுற வரைக்கும் விடாதீங்க." தொடையின் முன்தசை இறுகுவதை அம்மா தன் கையாலேயே தொட்டுப் பார்த்தார். அந்தத் தசை வலுத்தால் மூட்டின் சுமையை அது பங்கிட்டுக்கொள்ளும் என்பதை அந்தப் பெண் அவ்வளவு எளிதாகப் புரிய வைத்தார். அரிவாள்மனையைத் தரையிலிருந்து மேசைக்கு மாற்றினார். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில் என்று பழக்கினார். எடை ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் நான்கு கிலோ பாரம் குறையும் என்றதும் அம்மா என் பக்கம் திரும்பினார்: "எய்யா, அந்த அல்வா டப்பாவ நீயே லண்டனுக்குக் கொண்டு போயிரு."

நான் ஊரிலிருந்து கிளம்பவிருந்த நான்காவது வாரத்தில், நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் கணக்கு எட்டாகியிருந்தது. ஒருமுறை கையை ஊன்றிவிட்டு, ஊன்றவேயில்லை என்று சாதித்தார்.

அந்த எக்ஸ்ரேயை நிற்க வைத்து மறுபடி எடுத்துவிடலாமா என்று கடைசி நாளில் பிசியோதெரபிஸ்டிடம் கேட்டேன். "இப்போதைக்கு எந்தப் படமும் வேண்டாம் அண்ணா" என்றார். அது எனக்கும் புரிகிறது. ஆனாலும் நின்றபடி எடுத்திருக்க வேண்டும்.