புது டயர் எப்போதும் முன்னுக்கு: கொழும்பில் சைக்கிள் ஓடித் தேய்த்துப் பார்த்தது

சைக்கிள் டயரின் முதுகில் வெட்டியிருக்கும் வரி அழிந்துவிட்டால் உடனே மாற்ற வேண்டும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். அதே ஆட்கள், பக்கவாட்டில் நூல் பிரிந்து நிற்கும் டயரை ‘மேலே வரி நல்லாத்தானே இருக்கு’ என்று சொல்லி ஓடிக்கொண்டிருப்பார்கள். இரண்டும் தலைகீழ். முதலாவதில் காசு வீண். இரண்டாவதில் பல் போகலாம், அதற்கு மேலும் போகலாம்.

2022இல் பெற்றோல் வரிசைகள் காலி வீதி நெடுக நீண்டபோது வேலைக்குப் போகச் சைக்கிளை எடுத்தேன். பெற்றோல் திரும்பி வந்த பிறகும் விடவில்லை. வெள்ளவத்தையில் இருந்து கோட்டைக்கு ஒரு பக்கம் ஏறத்தாழ 8 கிலோமீற்றர். 26 அங்குலச் சில்லு, 1.75 அங்குல அகல டயர், பின்னால் கரியர். வாங்கும்போது வந்த டயர், அடுத்ததாகப் போட்ட மலிவு டயர், இப்போது ஓடும் ஷ்வால்பே நிறுவனத்தின் மரதன் டயர் என மூன்று வகை பார்த்தாகிவிட்டது.

முதலில் இந்த வரி விஷயம். கார் டயருக்கு அது கட்டாயம் வேண்டும். அகலமான டயர் வேகமாகப் போகும்போது அடியில் இருக்கும் தண்ணீருக்கு விலக வழியில்லாவிட்டால், டயர் தரையைத் தொடாமல் தண்ணீரின் மேலேயே வழுக்கும். சைக்கிள் டயர் ஒடுக்கமானது, உருண்டை வடிவம், உள்ளே காற்றழுத்தமும் கார் டயரைவிட அதிகம். நாம் மிதிக்கிற வேகத்தில் தண்ணீரை அதுவே ஒதுக்கிக்கொண்டு போய்விடும். தார் ரோட்டில் ஓடுவதற்கென்றே வரியே இல்லாத டயர்கள் விற்கிறார்கள், மழையிலும் அவை நன்றாகப் பிடிக்கும். மழை நாளில் நம்மை விழுத்துவது வேறு சாமான்கள்: பாதசாரிக் கடவையின் வெள்ளைப் பெயின்ற், வீதி நடுவில் இருக்கும் இரும்பு மூடிகள், பஸ் நிற்கும் இடத்தில் சொட்டியிருக்கும் எண்ணெய். அங்கே எந்த வரியும் கைகொடுக்காது. மண் பாதையில், சேற்றில் ஓடுகிறவர்களுக்கு நான் சொல்வது பொருந்தாது, அவர்களுக்கு ஆழமான வரிதான் பிடி.

அப்படியென்றால் எதைப் பார்ப்பது? பின் டயரைப் பாருங்கள். நம் எடையில் பெரும்பங்கு அதன் மேல்தான். மிதிக்கிற பலமும் அதன் வழியாகத்தான் ரோட்டுக்குப் போகிறது. கரியரில் அரிசிப் பையோ பிள்ளையோ ஏறினால் அதுவும் அதன் தலையில். அதனால் பின் டயர் முன் டயரைவிட வெகு சீக்கிரம் தேயும். பின்னால் குந்தியிருந்து சில்லைப் பார்த்தால் தெரியும்: புதிதில் உருண்டையாக இருந்த முதுகு, நடுவில் இரண்டு விரல் அகலத்துக்குத் தட்டையாகியிருக்கும். ஓரத்தில் வரி புதிது போலவே கூராக நிற்கும், தொழிற்சாலையில் இருந்து வந்த ரப்பர் முடிகூட அங்கே ஒன்றிரண்டு மிச்சமிருக்கும். தட்டையானது மட்டும் மாற்றுவதற்குக் காரணமில்லை. ஆனால் தட்டைக்கும் ஓரத்துக்கும் இடையில் ஒரு விளிம்பு உண்டாகி, திரும்பச் சரியும்போது சைக்கிள் திடீரென்று விழுவது போல் உணர்ந்தால், முடிவு நெருங்குகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

முடிவு வந்துவிட்டது என்பதற்கு அடையாளங்கள் வேறு. தேய்ந்த இடத்தில் ரப்பருக்கு அடியில் இருக்கும் துணியின் நூல் தெரிவது முதலாவது. நூல் தெரிந்த டயரில் வீட்டுக்குப் போகலாம், அடுத்த நாள் வேலைக்குப் போகக்கூடாது. சில டயர்களில் நடுவில் இரண்டு சின்னக் குழிகள் இருக்கும், கொன்டினென்டல் நிறுவனத்தின் ரோட்டு டயர்களில் பார்க்கலாம். அந்தக் குழி மறைந்தால் மாற்ற வேண்டிய நேரம். மரதனில் ரப்பருக்குக் கீழே 3 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு பச்சை அடுக்கு உண்டு, பஞ்சரைத் தடுக்கத்தான் அது. தேய்ந்து பச்சை தெரிந்தால் சரி, அதன் காலம் முடிந்தது. இந்த வகை டயர் 6000 முதல் 12,000 கிலோமீற்றர் வரை ஓடும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. என்னுடையதில் பச்சை இன்னும் தெரியவில்லை.

பஞ்சர் அடிக்கடி வருவதும் ஒரு அறிகுறி. ரப்பர் மெலிந்துவிட்டால், முன்பு தடுத்து நின்ற சின்ன முள்ளும் கம்பித் துண்டும் நேரே உள்ளே போய்விடும். ஒட்டுப் போட்டுப் போட்டு ஓடுகிறவர்கள் டியூப்பைத் திட்டாமல் ஒருதரம் டயரைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

அந்த மலிவு டயர் தேய்ந்து சாகவில்லை. மேலே பாதி ரப்பர் மிச்சமிருக்கும்போதே பக்கவாட்டில் மயிரிழை போல வெடிப்புகள் ஓடத் தொடங்கின. பகல் முழுக்க வெயிலில் நிற்பது, காற்றுக் குறைவாக ஓடுவது, ரப்பரின் தரம் என்று இதற்குக் காரணங்கள் பல. நான் காற்றை ஒழுங்காகப் பார்க்கிறவன், அதனால் தரத்தைத்தான் சந்தேகிக்கிறேன். சிறு வெடிப்போடு நெடுநாள் ஓடியது. பிறகு ஒருநாள் மரைன் டிரைவில் போகும்போது சில்லு சுற்றுக்கு ஒருதரம் ‘தொப், தொப்’ என்று இருக்கையில் தட்டியது. இறங்கிச் சில்லைத் தூக்கிச் சுழற்றினால், பிரேக் கட்டையைக் கடக்கும் இடத்தில் ஓரிடம் வெளியே தள்ளி வருகிறது, நெல்லிக்காய் அளவு உப்பல். உள்ளே நூல் அறுந்துவிட்டது, டியூப்பைப் பிடித்து வைத்திருந்தது வெறும் ரப்பர்தான். வழக்கமாகத் திருத்தித் தரும் ஐயா பார்த்த உடனேயே காற்றைத் திறந்து விட்டார். “தம்பி, இதை உருட்டிக்கொண்டு போங்கோ. ஏறி ஓடாதேங்கோ.” முன் டயரில் இந்த உப்பல் வந்திருந்தால் நடந்திருக்கக்கூடியதை நினைக்க எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை.

இங்கேதான் டயரை முன்பின் மாற்றும் கதை வருகிறது. பாதி தேய்ந்ததும் முன்னதைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் போட்டால் இரண்டும் சமமாகத் தேயும் என்று சொல்வார்கள். கார்க்காரரின் பழக்கம் அது. சைக்கிளுக்கு வேண்டாம் என்பதே என் உறுதியான அபிப்பிராயம். பின் டயர் வெடித்தால் சைக்கிள் ஆடும், அநேகமாகச் சமாளித்து நிறுத்திவிடலாம். முன் டயர் திருப்பத்தில் வெடித்தால் ஹாண்டில் நம் கையில் இருந்தும் பயனில்லை. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னால் சாய்வதால், நிறுத்தும் வேலையில் பெரும்பகுதியையும் முன் சில்லே செய்கிறது. தேய்ந்த, வெட்டுப்பட்ட பின் டயரைக் கழற்றி அந்த இடத்தில் போடுவது எப்படிச் சரியாகும்?

நான் செய்வது இது: பின் டயர் முடிந்ததும் அதை எறிந்துவிட்டு, முன்னால் இருந்ததைப் பின்னுக்குப் போடுகிறேன். புதியது முன்னுக்கு. ஒரு தடவைக்கு ஒரு டயர்தான் வாங்க வேண்டும், நல்லது எப்போதும் முன்னால் இருக்கும். முன் டயர் மெதுவாகத் தேய்வதால், இப்படி மாற்றாவிட்டால் அது வருடக்கணக்கில் அங்கேயே கிடந்து ரப்பர் இறுகிப்போகும். இறுகிய ரப்பர் ஈர ரோட்டில் சறுக்கும். மாற்றும்போது பக்கவாட்டில் உள்ள அம்புக்குறியை மட்டும் கவனியுங்கள், சுற்றும் திசை அதில் இருக்கும். முன்னுக்கு ஒரு வடிவம், பின்னுக்கு வேறு வடிவம் என்று விற்கும் மலைச் சைக்கிள் டயர்களில் இந்த முறை சரிவராது.

மழைக்காலத்தில் டயரைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும். ரப்பர் வெட்டுகிறவர்கள் கத்தியை நனைத்துக்கொள்வார்கள், ஈரத்தில் சுலபமாக வெட்டுப்படும். ரோட்டில் கிடக்கும் கண்ணாடியும் அப்படித்தான். காலி வீதியின் இடது ஓரத்தில், நாம் ஓடுகிற அதே இடத்தில்தான் போத்தல் துண்டெல்லாம் வந்து ஒதுங்குகிறது. குத்திய துண்டு அன்றைக்கே பஞ்சராக்காது, ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஏறும். காற்று இறுக்கமாக இருக்கும்போது வெட்டுகள் வாய் திறந்து தெரியும். சில்லை மெல்லச் சுற்றி, கண்டுபிடித்த இடங்களில் சோக்கால் குறித்துவிட்டு, பாதிக் காற்றைத் திறந்த பிறகு ஊசியால் கிளறி எடுப்பேன். கறுப்புப் புள்ளி மாதிரித் தெரியும், கிளறினால் பச்சைக் கண்ணாடிக் குறுணி விழும். டயரைப் போடும்போது அதில் உள்ள பெயரை வால்வுக்கு நேரே வைத்துக்கொள்வதும் நல்ல பழக்கம். டியூப்பில் ஓட்டையைக் கண்டால் டயரில் எந்த இடத்தைத் தடவ வேண்டும் என்று உடனே தெரியும்.

பிரேக் கட்டை மேலே ஏறி டயரின் பக்கத்தை உரசுகிறதா என்றும் பாருங்கள். சில கிழமைகளிலேயே நூல்வரை அறுத்துவிடும். பெற்றோல் செட்டில் காற்று அடிப்பதை நான் விரும்புவதில்லை. அந்த இயந்திரத்தில் சைக்கிள் டியூப் கண் மூடித் திறப்பதற்குள் அளவு மீறிவிடும். எவ்வளவு அடிக்கலாம் என்பது டயரின் பக்கவாட்டிலேயே இருக்கிறது.

டயர் வாங்க நான் போவது புறக்கோட்டை டாம் வீதி. சைக்கிள் கடைகள் வரிசையாக இருப்பதால் நாலு கடை ஏறி இறங்கலாம். பக்கவாட்டைக் கையால் மடித்துப் பார்த்து, மடிப்பில் வெடிப்பு விழாததை எடுங்கள். ‘26 அங்குலம்’ என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். என் சைக்கிளுக்கு வேண்டியது 47-559: முதல் இலக்கம் டயரின் அகலம், அடுத்தது றிம்மில் உட்காரும் விட்டம், இரண்டும் மில்லிமீற்றரில். பழைய நாளைய 26 × 1 3/8 சைக்கிளுக்கு 37-590. இரண்டையும் 26 என்றுதான் சொல்வார்கள், ஆனால் றிம்மில் உட்காரும் அளவில் 31 மில்லிமீற்றர் வித்தியாசம், ஒன்று மற்றதில் ஏறவே ஏறாது. பழைய டயரில் உள்ள இலக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போனால் கடைக்காரருக்கும் வேலை சுலபம்.