‘கைவேலை’ என்று வந்த தவளைவாய் அலங்காரம்: பணம் கட்டும் முன் பின்பக்கத்தைக் கேளுங்கள்

டிர்ண்டில் உடைக்குக் கைவேலை ஓர அலங்காரத்தை ஆன்லைனில் ஆர்டர் செய்யப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். மீட்டர் 42 யூரோ வீதம் 4 மீட்டர். ஒயின் சிவப்பு, சுத்தப் பட்டு டாஃப்டா துணி, முழுக்கக் கையால் தைத்தது என்று எழுதி விற்றார்கள். தபால் செலவு 6 யூரோவும் சேர்த்து 174 யூரோ போனது. வந்தது பாலியெஸ்டர். மெஷினில் மடித்து, பசை வைத்து ஒட்டியது. விற்றவர் பெயரை இங்கே போடவில்லை. ஏமாற்று எந்த இடத்தில் ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால், யாரிடம் வாங்கினாலும் பிடித்துவிடலாம்.

பேசப்படும் பொருள் எது என்று முதலில் சொல்லிவிடுகிறோம். பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் பெண்கள் உடுத்தும் டிர்ண்டிலின் மேல்பகுதி உடம்போடு இறுக்கமாக நிற்கும். அதன் கழுத்தோரத்திலும் முன்பக்க இரு ஓரங்களிலும் ஓடும் மடிப்பு அலங்காரத்துக்கு ‘ஃப்ரோஷ்கோஷெர்ல்’ என்று பெயர். ஃப்ரோஷ் என்றால் தவளை, கோஷெர்ல் என்றால் அந்த ஊர்ப் பேச்சில் சின்ன வாய். வரிசையாகத் தவளைகள் வாய் திறந்து உட்கார்ந்திருப்பது போலத்தான் இருக்கும். ஓர் உடைக்குச் சுமார் 2 மீட்டர் பிடிக்கும். நாங்கள் கேட்டது இரண்டு உடைக்கு.

ஒழுங்காகச் செய்தால் இது எப்படி உருவாகிறது என்று தெரிந்தால்தான் எங்கே கைவைத்தார்கள் என்பது புரியும். 3 செ.மீ. அகலம் வேண்டுமென்றால் 6.2 செ.மீ. அகலத்தில் துணிப் பட்டைகள் வெட்ட வேண்டும். இரண்டு ஓரங்களையும் பின்பக்கமாக மடித்து, நடுவில் 2 மி.மீ. ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி இஸ்திரி போட வேண்டும். பிறகு பாக்ஸ் பிளீட் என்ற பெட்டி மடிப்பு. முன்னால் தெரியும் முகம் 2 செ.மீ.; இரண்டு பக்கமும் 1 செ.மீ. ஆழத்துக்கு உள்ளே போய்த் திரும்பி, அடியில் இரு மடிப்பும் நடுவில் முட்ட வேண்டும். ஒரு மடிப்புக்கு 6 செ.மீ. பட்டை. அதாவது முடிந்த நீளத்தைப் போல 3 மடங்கு. 4 மீட்டருக்கு 12 மீட்டர் பட்டை, 140 செ.மீ. அகலத் துணியில் 9 பட்டைகள்; மொத்தம் 60 செ.மீ. துணி வாங்கினால் போதும். பட்டைகளை இணைக்கும் தையல் எப்போதும் மடிப்பின் அடியில் ஒளிய வேண்டும், முகத்தில் வரக் கூடாது.

மடிப்புகளை நடுக்கோட்டில் ஒரு தையல் ஓட்டிப் பிடிக்க வேண்டும். இதை மெஷினில் போடுவதில் தவறே இல்லை, நல்ல தையற்கூடங்களிலும் போடுகிறார்கள். கைவேலை அதற்கப்புறம்தான். ஒவ்வொரு மடிப்பின் மேல் ஓரத்தின் நடுப்புள்ளியையும் கீழ் ஓரத்தின் நடுப்புள்ளியையும் விரல் நுனியால் கிள்ளி, நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து, முகத்துணியை மட்டும் பிடித்து இரண்டு மூன்று ஊசி போட்டு, நூலைப் பின்பக்கம் இறக்கி முடிச்சிட வேண்டும். அடித்துணி தட்டையாகவே கிடக்கும். அப்போதுதான் பக்கவாட்டில் வாய் திறக்கும். மீட்டருக்கு 50 மடிப்பு, 4 மீட்டருக்கு 200 கிள்ளல்.

இதில் நேரக் கணக்கைப் பாருங்கள். கிள்ளல் ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்றாலும் மீட்டருக்கு 50 நிமிடம். வெட்டி, இஸ்திரி போட்டு, மடித்து, நடுத்தையல் போட இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல். ஆக மீட்டருக்கு 2 மணி நேரம். ஜெர்மனியில் 2025-இல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.82 யூரோ. கூலியே 25 யூரோவைத் தாண்டுகிறது, துணியும் நூலும் வரியும் தனி. அதனால் அங்கே தைத்தது என்று சொல்லி மீட்டர் 10, 12 யூரோவுக்கு ஒருவர் கைவேலை தருகிறார் என்றால் அது கைவேலை இல்லை. ஆனால் இதையே திருப்பிப் போட்டு, விலை அதிகம் என்பதால் கைவேலைதான் என்று நம்பக் கூடாது. 42 யூரோ நம்பும்படியான விலை. அந்த நம்பிக்கையைத்தான் பயன்படுத்திக்கொண்டார்கள்.

பொட்டலத்தைப் பிரித்ததும் முன்பக்கம் அழகாகத்தான் இருந்தது. மடிப்பெல்லாம் கத்தி முனை போல. பின்னால் திருப்பியதும்தான் சந்தேகம் வந்தது. கையால் கிள்ளித் தைத்திருந்தால் பின்பக்கம் ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு சின்ன முடிச்சோ, ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாண்டிப் போகும் நூலோ இருக்கும். தாண்டும் நூலின் நீளமும் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். இதில் நடுக்கோட்டு மெஷின் தையலைத் தவிர வேறு நூலே இல்லை. கிள்ளிய இடத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால், துணிக்கு இடையே கண்ணாடி போல ஒரு துளி பளபளத்தது. நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் தாள் மாதிரி வளைந்தது. சூட்டில் உருகும் பசை. ஓர் ஓரத்தில் நீராவி இஸ்திரியை அரை நிமிடம் மேலே காட்டினோம், துணியைத் தொடவில்லை. மூன்று கிள்ளல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாய் பிளந்து தட்டையாகிவிட்டன.

பசை ஏன் ஆகாது என்று சிலர் கேட்கலாம். டிர்ண்டிலின் கழுத்தோரம் வியர்வை படும் இடம். உடையை உலர் சலவைக்குக் கொடுத்தால் கரைப்பானில் பசை இளகும். வீட்டில் இஸ்திரி போட்டால் உருகித் துணியின் முகத்துக்கே ஊறி வந்து, எண்ணெய்க் கறை போல நிற்கும். அந்தக் கறை போகாது. அலங்காரம் மட்டும் கெட்டால் பரவாயில்லை, அதைத் தைத்திருக்கும் மேல்பகுதியும் சேர்ந்து கெடும். நூல் அறுந்தால் ஒரு மடிப்பைத் திரும்பக் கிள்ளித் தைத்துவிடலாம். பசைக் கறைக்கு வழியில்லை.

அடுத்தது மடிப்பின் ஆழம். 10 செ.மீ. துண்டைப் பிரித்து நீட்டி அளந்தோம். 30 செ.மீ. வர வேண்டும், வந்தது 21. முகம் 2 செ.மீ. சரியாக இருந்தது, உள்ளே போகும் ஆழம் மட்டும் 1 செ.மீ.க்குப் பதில் அரை செ.மீ. சொச்சம். முன்பக்கம் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. துணியில் 30 சதவீதம் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். ஆழமில்லாத மடிப்பு உடம்பில் நிற்காது. கழுத்து வளைவில் வெளி ஓரம் விரியும்போது மடிப்பு நடுத்தையலிலிருந்து நழுவி வெளியே வந்துவிடும். அடியில் இரண்டு மடிப்பும் முட்டாததால் இடையில் பள்ளம் விழும். நல்ல அலங்காரத்தில் வளைவின் உள்பக்கம் மடிப்புகள் நெருங்கும், வெளிப்பக்கம் லேசாக விலகும், ஆனால் எங்கும் துணி காலியாகத் தெரியாது.

பட்டுதானா இல்லையா என்பதற்கு ஓரத்திலிருந்து நான்கைந்து இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர் வைத்த தட்டின் மேல் கொளுத்திப் பாருங்கள். பட்டு, தலைமுடி கருகும் வாடை அடிக்கும். சாம்பலைத் தேய்த்தால் பொடியாகும். பருத்தி, காகிதம் எரிவது போல எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருங்கி, உருகி, கறுப்பாகக் கெட்டி மணி போல உறையும். வந்தது மணியாக உறைந்தது. வெட்டோரத்தை நகத்தால் வருடினாலும் கொஞ்சம் தெரிந்துவிடும். சூட்டில் வெட்டிய பாலியெஸ்டர் ஓரம் கெட்டியாகச் சொரசொரக்கும். ஜிக்ஜாக் கத்தரியில் வெட்டிய பட்டு ஓரம் மெத்தென்று இருக்கும், போகப் போக இழை பிரியும். ஓரம் மடிக்காமல் பல்பல்லாக வெட்டி விடுவதும் பழைய முறைதான், அதைக் குறையென்று எண்ண வேண்டாம்.

ஜெர்மன் விளம்பரத்தில் மூன்று சொற்களைக் கவனமாகப் படியுங்கள். டாஃப்டா என்பது நெசவின் பெயர், இழையின் பெயரில்லை. பாலியெஸ்டரிலும் டாஃப்டா உண்டு. ‘ஸைடெனோப்டிக்’ என்று எழுதியிருந்தால் பட்டுப் போன்ற தோற்றம் என்றுதான் பொருள், பட்டு என்று இல்லை. ‘ஹான்ட்கெஃபெர்டிக்ட்’ என்பது கையால் செய்தது என்ற பொதுச் சொல். மெஷினுக்குத் துணியைக் கையால் கொடுத்தாலும் அது பொருந்தும் என்று வாதாடுவார்கள். எங்களிடமும் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் எங்கள் ஆர்டரில் சுத்தப் பட்டு என்று வெளிப்படையாகவே எழுதியிருந்தது. அதிலிருந்து அவர்களால் நழுவ முடியவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1007/2011 ஜவுளி விதிமுறைப்படி பட்டு என்ற பெயரை வேறு இழைக்கு வைக்கக் கூடாது. நீண்ட இழை நூல் என்ற அர்த்தத்தில்கூட அந்தச் சொல்லைப் பயன்படுத்த முடியாது.

‘மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுத்தது, திருப்பி எடுக்க மாட்டோம்’ என்றும் பதில் வந்தது. இங்கேதான் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். நமக்கென்று தனியாகச் செய்து தந்த பொருளுக்கு 14 நாள் திருப்பி அனுப்பும் உரிமை இல்லாமல் போகலாம், உண்மைதான். அது மனம் மாறித் திருப்புவதற்கான உரிமை. சொன்னது ஒன்று, தந்தது ஒன்று என்றால் அது குறையுள்ள பொருள்; அந்த உரிமை வேறு, அதை அவர்களால் பறிக்க முடியாது. 2022 முதல் ஜெர்மனியில், வாங்கிய ஓராண்டுக்குள் குறை வெளிப்பட்டால் அது கொடுக்கும்போதே இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்கிறது. இல்லை என்று காட்ட வேண்டியது விற்றவர். ஆனால் ஒன்று, தைத்துவிடாதீர்கள். உடையில் ஏற்றிவிட்டால் வழக்கு பலவீனப்படும். பின்பக்கத்தை அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். பிரித்துப் பார்க்க ஓரத்தில் 10 செ.மீ. மட்டும் எடுங்கள், மீதியைத் தொடாதீர்கள். விளம்பரப் பக்கத்தை முழுக்கப் படம் பிடித்து வையுங்கள், பிறகு மாற்றிவிடுவார்கள். ஆர்டரில் சொன்னபடி மாற்றித் தர 14 நாள் கெடு வைத்து எழுத்தில் கேட்டோம். மாற்றித் தரவில்லை, 168 யூரோ திரும்பி வந்தது. தபால் செலவு வரவில்லை.

‘தையற்கூடம்’ என்ற பலகையை மட்டும் நம்பவும் வேண்டாம். 2004-க்குப் பிறகு ஜெர்மனியில் தையற்கடை திறக்க மைஸ்டர் (கைத்தொழில் வல்லுநர்) தேர்ச்சி கட்டாயமில்லை. அது இல்லாமலே அருமையாகத் தைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ‘மைஸ்டர்’ என்று ஒருவர் போட்டுக்கொண்டால் தேர்வு எழுதியிருக்க வேண்டும், அதைக் கேட்டுச் சரிபார்க்கலாம்.

இதய வடிவச் சுருக்கு அலங்காரம் வாங்குகிறவர்களும் இதே போலப் பின்பக்கத்தைப் பாருங்கள். ‘ஹெர்ட்ஸெர்ல்ரூஷே’ என்பார்கள். பட்டையில் ஓரத்துக்கு ஓரம் கோணல் கோணலாக ஓட்டுத்தையல் போட்டு, ஒவ்வொரு முனையிலும் நூலை ஓரத்தின் மேலே சுற்றிக் கொண்டுவந்து இழுப்பார்கள். நூல் ஓரத்தைச் சுற்றினால்தான் அந்த இடம் உள்ளே குழிந்து இதயம் பிறக்கும். மெஷினில் தைத்ததில் கோணம் ஓரத்துக்கு உள்ளேயே திரும்பிவிடும், இதயம் மொட்டையாக இருக்கும். பாபினில், அதாவது மெஷினின் அடிநூல் உருளையில், எலாஸ்டிக் நூல் சுற்றித் தைத்திருந்தால் இழுத்துப் பார்த்தாலே தெரியும், ரப்பர் போலத் திரும்பும். எலாஸ்டிக் தளர்ந்ததும் சுருக்கு போய்விடும்.

ஆர்டர் செய்யும்போது இப்படி எழுதுங்கள்: இழை எது, எத்தனை சதவீதம், முடிந்த அகலம், மடிப்பு முகத்தின் அளவு, 1 மீட்டருக்கு எத்தனை மீட்டர் பட்டை, கிள்ளல்கள் ஊசி நூலால் கையால் தைத்தவையா, பசை உண்டா. எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். 10 செ.மீ. மாதிரியைக் காசு கொடுத்தாவது வரவழையுங்கள். மாதிரி வந்ததும் ஈரமான வெள்ளைத் துணியில் வைத்து அழுத்துங்கள். சிவப்பும் கருநீலமும் சாயம் விடும், வெள்ளைச் சட்டைக் கழுத்தில் ஏறினால் போகாது. பருத்தி அலங்காரம் என்றால் மாதிரியை அளந்து, நனைத்து, காய்ந்தபின் திரும்ப அளந்து பாருங்கள். சுருங்கினால் முழு நீளத்தையும் முதலில் நனைத்துக் காயவைத்துவிட்டுத்தான் உடையில் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையில் கழுத்தோரம் முழுக்கச் சுருண்டு இழுக்கும். டிர்ண்டில் உடுத்திப் போகும் மியூனிக் திருவிழாவான அக்டோபர்ஃபெஸ்ட் செப்டம்பரில் தொடங்குவதால் ஜூலை, ஆகஸ்டில் அவசரம் அதிகம். 4 மீட்டருக்கு ஒருவர் முழுதாக 8 மணி நேரம் உட்கார வேண்டும். எவ்வளவு மீட்டர் வேண்டுமானாலும் மறுநாளே அனுப்புகிறோம் என்று சொல்கிறவர் கையால் தைத்து அனுப்பவில்லை.

எங்களை நம்ப வைத்த அந்த விளம்பரப் படம் இப்போதும் விற்பனைப் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தப் படத்தில் மட்டும் மடிப்புகள் ஆழமாக, வாய்க்குள் நிழல் விழுந்து, கிள்ளிய இடத்தில் குட்டித் தையல்கூடத் தெரிகிறது. முன்பக்கப் படங்கள் ஆறு இருக்கின்றன. பின்பக்கம் ஒன்றுகூட இல்லை.