எரித்திரியப் பெடியனுக்கு போன் மொழிபெயர்ப்பாளர்: பயன்படுத்தியபின் என் மதிப்பீடு

லண்டனில் பிள்ளைகளை வளர்ப்புக்கு எடுக்கிறவர்களில் நம் ஆட்களும் இருக்கிறோம், துணைக்கு ஆளில்லாமல் வந்து சேரும் எரித்திரியப் பிள்ளைகள் நம் வீடுகளுக்கும் வருகிறார்கள், அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். எங்களிடம் இருக்கிற தம்பிக்குப் பதினைந்து வயது. கவுன்சில் ஏற்பாடு செய்த போன் மொழிபெயர்ப்பாளர் சேவையைப் பற்றியது இது. ஒவ்வொரு கவுன்சிலும் ஒவ்வொரு நிறுவனத்தை வைத்திருப்பதால் பெயர் போடவில்லை.

எண்ணை அழைத்து, தந்த குறியீட்டைச் சொல்லி, மொழியைச் சொன்னால் இணைப்பார்கள். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துக் கதைக்கலாம். நம் கைக்காசு போகாது.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். எரித்திரியா என்று மட்டும் சொன்னால் அரபு கதைக்கிறவரையோ அம்ஹாரிக் கதைக்கிறவரையோ பிடித்துத் தருகிறார்கள். அந்த நாட்டில் ஒன்பது மொழிகள், எங்கள் பெடியனுக்கு திக்ரின்யா. அதைத் தெளிவாகச் சொன்ன பிறகும் ஒருமுறை வந்தவர் எல்லைக்கு அந்தப்பக்கம், எத்தியோப்பியாவின் திக்ராயைச் சேர்ந்தவர். மொழி ஒன்றுதான், ஆனால் 2020 முதல் 2022 வரை நடந்த திக்ராய் போரில் எரித்திரியப் படையும் சண்டையிட்டது, அந்தக் கதை இரண்டு பேருக்கும் தெரியும். பெடியன் ஓம், இல்லைக்கு மேல் வாய் திறக்கவில்லை. சரி, எரித்திரியரே வந்தால்? அப்போதும் பயம், இவர் எரித்திரிய அரசாங்கத்துக்குச் சொல்லிவிடுவாரோ, ஊரில் இருக்கிற அம்மாவுக்கு ஏதும் வருமோ என்று. யாருக்கு முன்னால் என்ன கதைக்கலாம் என்று அளந்து கதைத்த சனம் நாங்கள், எங்களுக்கு இது விளங்கும். அந்த மௌனத்தைப் பார்த்து 'பாடத்தில் ஆர்வம் இல்லை' என்று பள்ளிக்கூடம் எழுதி வைத்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்புறம் ஒரு வயதான அம்மா கிடைத்தார். கவுன்சில் பராமரிப்பில் இருக்கிற பிள்ளைகளுக்கு ஒவ்வொரு தவணையும் பெப் என்ற கல்வித் திட்டக் கூட்டம் நடக்கும், அதற்குத்தான் வந்தார். எதையும் தொடங்குமுன், இங்கே கதைப்பது எதுவும் தன்னைத் தாண்டிப் போகாது என்று அவனிடம் சொல்லிவிட்டு, அதையே எங்களுக்கு ஆங்கிலத்திலும் சொன்னார்.

கணக்கில் அவனைக் கடைசிப் பிரிவில் போட்டிருந்தார்கள், வசனக் கணக்கை வாசிக்க முடியவில்லை என்பதற்காக. ஊரில் என்ன படித்தாய் என்று ஆசிரியர் அவர் மூலம் கேட்டார். எரித்திரியாவில் ஆறாம் வகுப்பிலிருந்து பாடங்கள் ஆங்கிலத்தில்தானாம். கணிதச் சொற்கள் எல்லாம் அவனுக்குத் தெரியும், கடகடவென்று கதைக்கிற லண்டன் ஆங்கிலம்தான் பிடிபடவில்லை. ஆசிரியர் ஒரு சோடி ஒருங்கமை சமன்பாடுகளை எழுதித் தாளைத் தள்ளினார். வரிக்கு வரி சமக்குறியை நேர்க்கோட்டில் வைத்துச் செய்து முடித்து, விடைக்கு அடியில் இரண்டு கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தான். பிரிவை மாற்றினார்கள்.

அதே கூட்டத்தில் ஒருவர் நல்ல மனதோடு, கெதியில் நீ பன்னிரண்டாம் ஆண்டுக்குப் போய்விடுவாய் என்றார். பெடியனின் முகம் செத்துவிட்டது. அந்த அம்மா, ஒரு விஷயம் விளக்கலாமா என்று அனுமதி கேட்டுவிட்டுச் சொன்னார்: எரித்திரியாவில் பன்னிரண்டாம் வகுப்பு என்றால் சாவா என்ற இடத்து ராணுவ முகாமுக்குப் போய்ப் படிப்பது, அதன் பின்னால் முடிவு தெரியாத தேசிய சேவை. இங்கே அந்த ஆண்டு முழுக்கப் படிப்புத்தான், சீருடையோ துப்பாக்கியோ இல்லை என்று அவனுக்கும் விளக்கினார்கள். புதன், வெள்ளியில் பள்ளிக்கூடச் சாப்பாட்டை ஏன் தொடவில்லை என்பதும் அன்றைக்குத்தான் பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்தது. ஆர்த்தடாக்ஸ் விரத நாட்கள், இறைச்சி, பால், முட்டை கிடையாது. அதற்கு முன்னால் அதை ஒரு நோயாக நினைத்துக் குறிப்பு எழுதியிருந்தார்கள்.

இப்படி ஒரு ஆள் கிடைத்தால் ஐந்தில் ஐந்து. ஆள் பார்க்காமல் இணைத்துவிடுகிற சேவைக்கு இரண்டுகூட அதிகம். போனில் இருக்கிற மொழிபெயர்ப்புச் செயலி பஸ் நேரத்துக்கும் சாப்பாட்டுக்கும் போதும், கூட்டத்துக்குப் போதாது.

காசில்லை என்று பள்ளிக்கூடம் சொன்னால் விடாதீர்கள். பராமரிப்பில் இருக்கிற பிள்ளைகளின் படிப்புக்கு அரசாங்கம் தருகிற பியூபில் பிரீமியம் பிளஸ் என்ற பணம் 2024-25இல் ஒரு பிள்ளைக்கு 2,570 பவுண்டாக இருந்தது, அதைக் கையாள்பவர் வர்ச்சுவல் ஸ்கூல் தலைவர், அதாவது இந்தப் பிள்ளைகளின் படிப்பைக் கவுன்சிலில் பார்க்கிறவர், அவரிடமே கேளுங்கள். பிள்ளை வந்த வழியைப் பற்றி லிபியா, படகு என்று ஆசிரியர்கள் தொடங்காமல் இருக்க முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பேச்சைத் தொடங்க பினியாம் கிர்மாய் போதும், 2024 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் ஓட்டப் போட்டியில் பச்சை ஜெர்சி வென்ற எரித்திரியர், எங்கள் பெடியன் அவரைப் பற்றி மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே கதைப்பான்.

புக் பண்ணும்போது நாட்டைச் சொல்லாமல் மொழியைச் சொல்லுங்கள், எரித்திரியர் வேண்டுமா, ஆணா பெண்ணா என்பதைப் பிள்ளையிடமே கேளுங்கள், ஒத்துப்போன ஆளின் அடையாள எண்ணை வாங்கி அடுத்த கூட்டத்துக்கும் அவரையே கேளுங்கள். நாங்கள் அடுத்த பெப்புக்கு அந்த அம்மாவையே கேட்டு வாங்கியாகிவிட்டது.