தனுஷ்கோடி வெயிலுக்கும் வாடைக்கும் பருத்தித் தாள் தாங்குமா?

கடலையும் பறவையையும் நீர்வண்ணத்தில் வரைந்து விற்றுப் பிழைப்பவர்கள் வண்ணத்தில் கொஞ்சம் சிக்கனம் பார்க்கலாம், தாளில் பார்க்கக் கூடாது. 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை), நூறு சதவீதப் பருத்தி, கோல்டு பிரஸ் எனும் சற்றுச் சொரசொரப்பான தாள். மரக்கூழ் தாளைவிடப் பல மடங்கு விலைதான். இருந்தாலும் ராமநாதபுரம் கரைக்கு இதுதான் சரி.

பாக் விரிகுடாப் பக்கம் அமைதியான கடல், ஊரார் பெண்கடல் என்பார்கள். அலை அடங்கிய நாளில் தண்ணீரும் வானமும் எங்கே சேருகின்றன என்றே தெரியாது. ஈரத்தின் மேல் ஈரமாக வண்ணம் விட்டால்தான் அது படத்தில் வரும். தனுஷ்கோடியின் கோடியான அரிச்சல்முனைக் காற்றில் மரக்கூழ் தாள், பரவலாகப் பூசும் நீர்த்த வண்ணம் (வாஷ்) பாதியில் இருக்கும்போதே காய்ந்து கோடு விழுந்துவிடும். பருத்தி ஈரத்தை உள்ளே பிடித்துவைப்பதால் அவகாசம் கிடைக்கிறது. உச்சி வெயிலில் அதுவும் போதாது; உதிரித் தாளின் இருபுறமும் நனைத்து அக்ரிலிக் பலகையில் படியவிட்டு வரையுங்கள். மன்னார் வளைகுடாப் பக்கம் அலை மோதும் ஆண்கடல். அங்கே உடையும் நுரைக்குத் தூரிகையைப் பிழிந்து படுக்கவைத்து இழுத்தால் போதும், தாளின் சொரசொரப்பே வெள்ளையை விட்டுத் தரும்.

தூரிகை கழுவ நல்ல தண்ணீர் கொண்டுபோங்கள். கடல்நீரின் உப்பு தாளில் தங்கி, பிறகு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

பூநாரை வரையும்போதுதான் தாளின் தரம் தெரியும். உட்கார்ந்திருக்கும் பறவையின் உடல் பெரும்பாலும் வெள்ளை. அழுத்தமான சிவப்பும் கறுப்பும் இறக்கை விரிந்தால்தான் தெரியும். முழுக்க ரோஸ் பூசுவது தப்பு. வெள்ளையைக் காக்க மாஸ்கிங் திரவம் (காய்ந்தபின் ரப்பர்போல் உரியும் பூச்சு) போட்டால், வாஷ் காய்ந்ததும் நிழலில் வைத்து உரித்துவிடுங்கள். வெயிலில் கிடந்தால் இறுகி, உரிக்கும்போது தாளின் மேல்தோலையும் பிய்த்துக்கொண்டு வரும். மென்மையான பருத்தித் தாளில் இந்த ஆபத்து அதிகம், மூலையில் சோதித்துப் பாருங்கள். ரோஸுக்குக் குவினாக்ரிடோன் என்ற நிறமி உள்ள வண்ணத்தை வாங்குங்கள். ஓபரா ரோஸ் கண்ணைப் பறிக்கும், ஆனால் வெளிச்சத்தில் வெளுத்துவிடும். விற்கும் படத்துக்கு ஆகாது.

இந்தத் தாளின் பெரிய குறை மழைக்காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஈரக்காற்றில் திறந்து கிடந்தால், தாள் தண்ணீரை உடனே உறிஞ்சாமல் தடுக்கும் பூச்சான சைசிங் கெட்டுப்போகும். பார்த்தால் ஒன்றும் தெரியாது. வண்ணம் வைத்ததும் அங்கங்கே கரும்புள்ளியாக உள்ளே இறங்கும். அதன் பிறகு அது கரிக்கோலுக்குத்தான் உதவும். ஜிப் உறையில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு, தரையிலோ சுவரிலோ படாமல் வையுங்கள். புதுத் தாள் வாங்கியதுமே ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சற்று நின்று ஊறினால் நல்லது, உடனே உறிஞ்சினால் பழைய சரக்கு, மாற்றிக் கேளுங்கள்.

ஓரங்கள் ஒட்டிய தாள் கட்டான பிளாக் காற்றில் வசதி, ஆனால் விலை கூடுதல். 56 × 76 செ.மீ. முழுத்தாளை நான்காகக் கிழித்துக்கொள்வது கட்டுப்படியாகும்.