நின்றுபோன வண்டியை எழுப்புவது: கிக்கரை உதைப்பதா, இன்ஜினை இறக்குவதா?

பத்துப் பதினைந்து ஆண்டுகளாகத் தார்ப்பாயின் கீழ் நின்ற பழைய மோட்டார் சைக்கிளை வெளிச்சத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தவுடன், சுற்றி நிற்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். புதுப் பெட்ரோலை ஊற்றி, பிளக்கைத் துடைத்து மாட்டி, கிக்கரை உதைத்துப் பார்த்துவிடலாம் என்பது ஒரு கட்சி. கை வைப்பதென்று ஆனபின் இன்ஜினை இறக்கி, கடைசி நட்டு வரை பிரித்து, தேய்ந்ததையெல்லாம் மாற்றிக் கட்டுவதுதான் முறை என்பது மறு கட்சி. இவற்றுக்கு நடுவில் மூன்றாவது வழி ஒன்று உண்டு. நின்றதால் கெட்டிருக்கக்கூடியவற்றை மட்டும் திறந்து பார்த்துச் சரிசெய்து, மற்றவற்றை வண்டி ஓடிக் காட்டும் வரை தொடாமல் விடுவதே அந்த வழி. நான் மூன்றாவது கட்சிக்காரன். ஆனாலும் மற்ற இரண்டும் சரியாக அமையும் இடங்களை மறைக்கப் போவதில்லை.

ஓடுவதால் வண்டிக்கு வரும் சேதமும் நிற்பதால் வரும் சேதமும் வேறு வேறு என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். ஓடும் வண்டியில் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங், போர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உட்துளை), பேரிங், பல்சக்கரம் ஆகியவை தேய்கின்றன. நிற்கும் வண்டியில் பெட்ரோல், ஆயில், பிரேக் திரவம் போன்றவை குணம் மாறுகின்றன. ரப்பர் காய்ந்து வெடிக்கிறது. எண்ணெய்ப் படலம் வழிந்து இறங்கிவிட்ட இரும்புப் பரப்புகளில் துரு ஏறுகிறது. உதைத்துப் பார்க்கும் கட்சி இந்த இரண்டாம் வகைச் சேதத்தையே கணக்கில் எடுப்பதில்லை. பிரித்துப் போடும் கட்சியோ இரண்டையும் ஒன்றாக்கி, நல்ல நிலையில் இருக்கும் பாகங்களுக்கும் தண்டனை கொடுத்துவிடுகிறது.

உடனே உதைப்பதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது: செலவு குறைவு, விடையும் உடனே கிடைத்துவிடும். ஓரிரு ஆண்டுகள் மட்டுமே நின்ற, நிறுத்தும்போது ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு அது போதும். நெடுங்காலம் நின்ற வண்டியில் அந்த முதல் உதைதான் ஆபத்து. பிஸ்டன் நின்ற இடத்தில் சிலிண்டர் சுவரில் மோதிரம் போலத் துரு படிந்திருந்தால், காய்ந்த ரிங்குகள் அதன் மீது உரசி உடையலாம். வால்வு தன் குழலில் ஒட்டிக்கொண்டிருந்தால் அதைத் தள்ளித் திறக்கும் புஷ்ராட் என்ற தண்டு வளையும். ஆயிலுக்குத் தனி டேங்க் வைத்த பழைய பிரிட்டிஷ் வண்டிகளில், நின்ற காலத்தில் ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கிவிடுவது வழக்கம். அதை வடிக்காமல் உதைத்தால் சீல்கள் வழியாகப் பீறிட்டு வெளியே வரும். நானும் ஒருமுறை அவசரப்பட்டிருக்கிறேன். வண்டி மூன்றாவது உதையிலேயே கிளம்பி இரண்டு நிமிடம் அழகாக ஓடியது. அதன்பின் டேங்கின் அடியிலிருந்து இறங்கிய துருத்தூள் கார்புரேட்டரை அடைத்து அப்படியே நின்றுவிட்டது. மிதவைக் கிண்ணத்தைக் கழற்றியபோது அடியில் சர்க்கரைப் பாகு போலப் பழுப்பு நிறத்தில் ஒரு படிவு, அதில் புதைந்து செந்நிறத் துகள்கள். அந்த இரண்டு நிமிட மகிழ்ச்சிக்காக அடுத்த மூன்று வார இறுதிகளைக் கொடுத்தேன்.

முழுவதும் பிரித்துக் கட்டும் வழியின் பலம், முடிந்தபின் சந்தேகம் எதுவும் மிஞ்சாது என்பதே. அதன் பலவீனத்தைப் பலர் தொடங்கிய பிறகுதான் உணர்கிறார்கள். ஐம்பது ஆண்டுகளாக அசையாத ஸ்க்ரூவின் தலை வழுக்கிப் போகிறது. அலுமினியக் கேஸிங்கின் மரை பிடுங்கிக்கொண்டு வருகிறது. தொழிற்சாலையில் பொருந்திய நிலையிலேயே நன்றாக இருந்த பேரிங்கை எடுத்துவிட்டு, அதைவிடத் தரம் குறைந்த மாற்றுப் பாகத்தைப் போட வேண்டியதாகிறது. தவிர, பிரித்த வண்டி டப்பாக்களிலும் பைகளிலும் கிடந்து, கட்டுபவரின் ஆர்வம் வற்றிய பிறகு பாகங்களாகவே கைமாறுவதும் அபூர்வமன்று. தொழிற்சாலை பூசிய பெயிண்டும் முலாமும் ஓரளவு பிழைத்திருக்கும் வண்டியானால் இழப்பு இன்னும் பெரிது, ஏனெனில் மறுபூச்சு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அந்தப் பழைய தோலைத் திரும்பத் தராது.

இன்ஜின் சுற்றுகிறதா, ஜாம் ஆகியிருக்கிறதா என்பதே முதல் கேள்வி. பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே சிறிய குழாய்க் கேமராவை இறக்கிச் சிலிண்டர் சுவரைப் பார்ப்பது, எதையும் பிரிக்காமலே பாதி முடிவைத் தந்துவிடும். ஜாம் ஆன பிஸ்டனை விடுவிக்க, ஊற வைப்பது, சூடு காட்டுவது, பேரலை (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் பகுதியை) கழற்றித் தூக்குவது என்று மூன்று முறைகள் போட்டியிடுகின்றன. அசிட்டோனையும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலையும் சரிபாதி கலந்து பிளக் துளை வழியே ஊற்றுவது ஊற வைப்பதில் பிரபலமான வகை. அது நன்றாக ஊடுருவும். ஆனால் அசிட்டோன் எளிதில் தீப்பிடிக்கும், பெயிண்டில் பட்டால் தின்றுவிடும். டீசல் மெதுவாக வேலை செய்தாலும் தொல்லை குறைவு. டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டன் கீழே நின்றிருந்தால், ஊற்றியது சிலிண்டர் சுவரில் உள்ள போர்ட்டுகள் என்ற திறப்புகள் வழியாகச் சைலன்சருக்கும் கிராங்க் அறைக்கும் ஓடிவிடும் என்பதை முன்பே நினைத்துப் பார்க்க வேண்டும். சூட்டைப் பொறுத்தவரை ஒரு நுட்பம் உண்டு. அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் உலோகமாதலால், இரும்புப் பேரலுக்குள் இருக்கும் அலுமினியப் பிஸ்டனையும் சேர்த்து மொத்தமாகச் சூடாக்கினால் பிடி இறுகுமே தவிர நெகிழாது. பேரலின் வெளிப்புறத்தை மட்டும் விரைவாகச் சூடாக்க வேண்டும். ஊறவைத்த எரியும் திரவம் உள்ளே இருக்கும்போது அதையும் செய்யக் கூடாது.

எனவே நாள்கணக்கில், தேவையானால் வாரக்கணக்கில் ஊற வைப்பதே என் தேர்வு. அசைப்பதற்குக் கிக்கர் மீது ஏறிக் குதிப்பதைவிட மோசமான வழி கிடையாது, ஏனெனில் பிஸ்டன் நகர்வதற்கு முன் கிக்கர் தண்டின் பல் போய்விடும். வண்டியை டாப் கியரில் போட்டு, முன்னும் பின்னுமாக விரற்கடை அளவுக்குத் தள்ளித் தள்ளி ஆட்டினால், ஒரு நாள் டயர் வழக்கத்தைவிட ஒரு நூல் கூடுதலாக நகர்வது கைக்குத் தெரியும். அப்படி விடுபட்ட இன்ஜினை உடனே ஓட்டிவிடலாம் என்பதில்லை. சுவரில் துருமேடு எஞ்சியிருந்தால் பேரலைத் தூக்கித்தான் ஆக வேண்டும், அந்த இடத்தில் பிரிக்கும் கட்சி சொல்வதே சரி.

பெட்ரோல் டேங்குதான் அதிகம் வாதிக்கப்படும் இடம். பழைய பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட்டு, மீதி காற்றோடு வினைபுரிந்து பிசினாகிறது. எத்தனால் கலந்ததாக இருந்தால் அது ஈரத்தை இழுத்துக்கொண்டு, ஓர் அளவைத் தாண்டியதும் தண்ணீரும் எத்தனாலும் தனியாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். அங்கிருந்துதான் ஓட்டை தொடங்கும். உதிரும் துருவை அகற்ற, உள்ளே கொஞ்சம் நட்டுகளைப் போட்டுக் குலுக்குவது எல்லோருக்கும் பொது (போடும்போதே எண்ணிக்கொள்ள வேண்டும், ஒன்று உள்ளேயே தங்கிவிட்டால் ஓட்டும்போதெல்லாம் அது பேசிக்கொண்டிருக்கும்). அதற்குப் பிறகு வழிகள் பிரிகின்றன.

ஹைட்ரோகுளோரிக் அமிலம் எல்லாவற்றையும்விட வேகமானது, அதுவே அதன் குற்றமும். துருவோடு நல்ல தகட்டையும் தின்னும். அதன் புகை அறையில் இருக்கும் ஸ்பானர்களைக்கூடத் துருப்பிடிக்க வைக்கும். பாஸ்பாரிக் அமிலம் துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றி மெல்லிய காப்புப் படலத்தை விட்டுச்செல்வதால், கழுவியபின் மறுபடி துருப்பிடிப்பது தாமதமாகிறது. லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் வரை கலந்த சிட்ரிக் அமிலக் கரைசல் மெதுவானது, மலிவானது, கைக்கும் பெரிய ஆபத்தில்லாதது. வெந்நீரில் கலந்தால் வேகம் கூடும், மறந்துபோய் நாள்கணக்கில் விட்டால் அதுவும் உலோகத்தை அரிக்கும். மின்பகுப்பு முறையில், சலவைச் சோடா கரைத்த நீரை டேங்கில் நிரப்பி, டேங்கை நெகட்டிவிலும் உள்ளே தொடாமல் தொங்கும் சாதா இரும்புக் கம்பியைப் பாசிட்டிவிலும் இணைக்கிறோம். நல்ல உலோகத்தைத் தொடாமல் துருவை மட்டும் விடுவிப்பது அதன் சிறப்பு. கம்பிக்கு எதிரே நேராக இல்லாத மூலைகளுக்கு அது சரியாக எட்டாது என்பது குறை. வெளிவரும் ஹைட்ரஜன் வெடிக்கக்கூடியதாகையால் காற்றோட்டமான இடம் வேண்டும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைப் பயன்படுத்தினால் நச்சுத்தன்மையுள்ள குரோமியச் சேர்மங்கள் உண்டாகும் என்பதால் அது கூடவே கூடாது.

வீட்டில் செய்பவருக்கு நான் சிட்ரிக் அமிலத்தையே சொல்வேன். அமிலத்தை வடித்தபின் சமையல் சோடா கரைத்த நீரால் அலசி, சூடான காற்றை ஊதி உடனே உலர்த்தாவிட்டால், வெள்ளி போல மின்னிய உட்பரப்பு நம் கண்ணெதிரிலேயே சில நிமிடங்களில் மஞ்சளாகும். உலர்ந்ததும் கொஞ்சம் ஆயில் கலந்த பெட்ரோலை விட்டுச் சுழற்றி வைக்க வேண்டும். உள்ளே எபாக்சி பூசி மூடுவதை ஊசித்துளைகள் உள்ள டேங்குக்கு மட்டும் கடைசி வழியாக வைத்துக்கொள்வது நல்லது. பழைய வகைப் பூச்சுகள் சில எத்தனாலில் உரிந்து தோல் தோலாகக் கார்புரேட்டருக்கு வருகின்றன.

கார்புரேட்டரில் ஸ்ப்ரே அடிப்பது அழுக்குக்குப் போதும், இறுகிய பிசினுக்குப் போதாது. அதற்கு ஊற வைத்தலோ அல்ட்ராசோனிக் தொட்டியோ தேவை. எந்த முறையானாலும், பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டின் துளையில் கம்பி விடக் கூடாது, ஏனெனில் துளை இம்மியளவு பெரிதானாலும் பெட்ரோல் அளவு மாறிவிடும்.

நான் ஆதரிக்கும் நடுவழி பெரும்பாலும் தோற்பது டூ ஸ்ட்ரோக் வண்டியில்தான். அதன் கிராங்கின் இரு பக்கச் சீல்களும் காற்றடைப்பாக இருந்தால்தான் பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை சரியாக இருக்கும். ஆண்டுக்கணக்கில் நின்று இறுகிய சீல் வழியே காற்று நுழைந்தால், கலவையில் பெட்ரோல் குறைந்து, பிஸ்டன் சூடேறி உருகும் வரை போகலாம். அதுவரை வண்டி உற்சாகமாகவே ஓடுவதுபோல் தெரியும். போதாததற்கு, ஆயிலில் முழுகி நிற்காத கிராங்க் பேரிங்குகளில் துருப்புள்ளிகள் விழுந்திருக்கலாம். குறைந்த அழுத்தத்தில் காற்றேற்றிக் கிராங்க் அறை தாங்குகிறதா என்று சோதித்து, தாங்காவிட்டால் தயங்காமல் இன்ஜினை இறக்க வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் இந்தத் தொல்லை இல்லை; பழைய ஆயிலை வடித்து, வால்வு மூடியைத் திறந்து வால்வுகள் ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்து, பிளக் துளையில் சில சொட்டு ஆயில் விட்டுக் கையால் சுற்றினால் போதும்.

பிரேக்கிலும் டயரிலும் எந்தக் கட்சிக்கும் விலக்கு இல்லை. டாட் 4 பிரேக் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸில் கொதிக்க வேண்டியது. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155 ஆக இறங்குகிறது, ஆகவே மாற்றித்தான் ஆக வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள 3512 போன்ற 4 இலக்கம் 2012ஆம் ஆண்டின் 35ஆம் வாரத்தைக் குறிக்கும். 3 இலக்கம் மட்டுமே இருந்தால் அது 2000க்கு முன் செய்தது, பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடு) எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிட வேண்டும். மின்சாரத்தில், தீப்பொறிக்காகத் திறந்து மூடும் பாயிண்ட் முனைகளைத் துடைத்து இடைவெளியைச் சரிசெய்வதோடு, பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த் (வண்டியின் சட்டத்தோடு இணையும் முனை) என்பதை மறவாமல் பேட்டரியை மாட்ட வேண்டும்.

வண்டி ஓடத் தொடங்கிய பிறகே முழுக்கப் பிரிப்பதா என்ற கேள்விக்கு ஒழுங்கான விடை கிடைக்கிறது. நின்ற நிலையில் எடுத்த கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) அளவு பொய் சொல்லும், ஏனெனில் ஒட்டிய ரிங்கும் துருப்படலம் படிந்த வால்வு இருக்கையும் சில நூறு கிலோமீட்டரில் தாமே ஓரளவு சரியாகிவிடக்கூடும். அந்தத் தூரம் ஓடியபின், த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்து அளந்து, பிளக் துளையில் ஒரு சிறு கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். முதல் அளவு குறைவாக இருந்து, ஆயில் விட்டபின் ஏறினால் ரிங்கும் போரும், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வும்தான் தேய்ந்தவை. அப்போது இறக்குபவர் எதற்காக இறக்குகிறோம் என்று தெரிந்து இறக்குவார். அதற்கு முன், முதல் 50 கிலோமீட்டரிலேயே ஆயிலை வெள்ளைத் தட்டில் வடித்து வெயிலில் சாய்த்துப் பார்த்து, அடியில் ஒரு காந்தத்தை ஓட்டிவிடுங்கள். காந்தத்தில் மாவு போல ஒட்டினால் புது ஆயில் ஊற்றி ஓட்டலாம். சிம்பு சிம்பாக ஒட்டினால் ஸ்பானரை எடுக்கலாம்.